செயற்றிறனும் அறமும்: அரசாங்க வைத்தியசாலையிற் புத்தாக்கம் பற்றிய ஒரு நோக்கு

'செயற்றிறன்' என்னும் எண்ணக்கரு வைத்தியசாலையிற் பிறந்ததன்று. தொழிற்சாலையின் உற்பத்தியையும் இயந்திரத்தின் இயக்கத்தையும் அளப்பதற்கு எழுந்த எண்ணக்கரு அது. இட்டது எவ்வளவு, பெற்றது எவ்வளவு, இரண்டுக்குமிடையிலான விகிதம் யாது என்பனவே அங்குக் கேட்கப்படும் வினாக்கள். கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் இவ்வினாக்கள் வைத்தியசாலையின் வாயிலையுங் கடந்து உள்ளே வந்துவிட்டன. கட்டிலொன்றில் ஆண்டுக்கு எத்தனை நோயாளர் தங்கினர், ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்கினார், வெளிநோயாளர் பிரிவில் ஒரு மணித்தியாலத்தில் எத்தனைபேர் பார்க்கப்பட்டனர் என்பன போன்ற கணக்குகள் இன்று எந்நாட்டு வைத்தியசாலையின் ஆண்டறிக்கையிலும் இடம்பெறுகின்றன. அக்கணக்குகளைச் சீர்ப்படுத்தும் பொருட்டுப் புத்தாக்க உத்திகள் பல வகுக்கப்படுகின்றன. புதிய கருவி, புதிய படிவம், புதிய முகாமை முறை, புதிய கட்டண முறை எனப் பலவும் இப்பெயரில் அடங்கும்.

இவ்வுத்திகள் பயன் தருகின்றனவா என்பது முகாமையியலாரின் வினா. அதற்கு முன்னர் விடைகாணவேண்டிய வினா ஒன்றுண்டு. வைத்தியசாலையொன்று நன்கு செயற்படுகின்றது என்று சொல்லும்போது, அந்த 'நன்கு' யாருடைய நன்மையைக் குறிக்கின்றது? இது அறவியல் சார்ந்த வினா. அரசாங்க வைத்தியசாலையைப் பொறுத்தவரையில் இவ்வினாவை ஒதுக்கிவிட்டுச் செயற்றிறனைப் பற்றிப் பேசுதல் இயலாது. ஏனெனில் தனியார் வைத்தியசாலை தனக்கேற்ற நோயாளரைத் தெரிந்துகொள்ளலாம். பணமற்றவரையும் தீரா நோயினரையும் தவிர்த்துக்கொள்ளலாம். அரசாங்க வைத்தியசாலைக்கு அத்தெரிவு இல்லை. வேறெங்கும் போகவியலாதவர் வந்து சேரும் இடம் அது. வாயிலை மூடமுடியாத ஒரு நிறுவனத்தின் வெற்றியை, வாயிலைத் தன் விருப்பப்படி மூடக்கூடிய நிறுவனங்களுக்கு எழுந்த அளவுகோலால் அளக்கலாமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இலங்கையின் அனுபவமொன்று இப்பிரச்சினையைத் தெளிவாகக் காட்டும். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணங்கள் நீக்கப்பட்டு இலவச மருத்துவம் இந்நாட்டின் கொள்கையாக நிலைபெற்றது. இருபது ஆண்டுகளின் பின்னர், 1971இல், வெளிநோயாளர் ஒருவர் ஒவ்வொரு முறையும் 25 சதம் செலுத்தவேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. தொகை சிறியது, தேவையற்ற வருகையைத் தடுத்தல் என்னும் நியாயமும் அதற்குக் கூறத்தக்கதாயிருந்தது. வருகை குறையவே செய்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. இம்முறை நடைமுறையிலிருந்த காலத்தைச் செயற்றிறன் என்னும் அளவுகோல் மாத்திரங்கொண்டு நோக்குவோர் அதனை வெற்றியென்றே கூறக்கூடும். வரிசை குறுகிற்று; வைத்தியர் ஒவ்வொருவரையும் பார்ப்பதற்குக் கூடுதலான நேரம் கிடைத்தது; மருந்துச் செலவும் குறைந்தது. ஆயினும் வராமல் நின்றவர் யாவர்? சாதாரண தடிமலுக்கு வந்துகொண்டிருந்தவரா, அன்றி அன்றைய கூலியில் 25 சதத்தை எடுத்து வைக்கமுடியாத காசநோயாளியா? வந்தவரை மட்டும் பதியும் இடாப்பு இக்கேள்விக்கு விடை தராது. வராதவர் கணக்கிலும் வரமாட்டார். அரசாங்க வைத்தியசாலையின் செயற்றிறனை அளப்பதில் உள்ள முதலாவது அறவியற் சிக்கல் இதுவாகும்.

இதனைக்கொண்டு எண்களையே புறக்கணித்தல் வேண்டும் என்று முடிவுசெய்தல் பெருந் தவறாகும். எண்களை நோக்க மறுத்ததனால் மனித உயிர்கள் அழிந்த வரலாறும் உண்டு. 1840களில் வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இயங்கின. முதலாவதில் மருத்துவ மாணவர் பயின்றனர்; இரண்டாவதில் மருத்துவிச்சிகள் பயின்றனர். முதலாவது பிரிவிற் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் வீதம் இரண்டாவது பிரிவினதிலும் பன்மடங்காயிருந்தது. இதனை நகரத்துப் பெண்கள் அறிந்திருந்தனர். முதலாவது பிரிவிற் சேர்க்கவேண்டாம் என்று அவர்கள் மன்றாடினர். வைத்தியர்களோ காற்றின் கேட்டையும் வேறு பல காரணங்களையும் கூறிக்கொண்டிருந்தனர். இக்னாஸ் செமல்வைஸ் என்னும் இளம் வைத்தியர், பிரேத பரிசோதனை செய்த கைகளோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என ஊகித்து, 1847 மே மாத நடுப்பகுதியில் குளோரினேற்றிய சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவும் முறையைப் புகுத்தினார். ஏப்பிரலில் 18 சதவீதத்துக்கு மேலிருந்த இறப்பு வீதம் யூன், யூலை மாதங்களில் ஏறத்தாழ 2 சதவீதமாகவும் அதற்குக் கீழாகவும் வீழ்ந்தது.

ஆயினும் அக்கால மருத்துவ உலகின் பெரும்பகுதி இதனை ஏற்கவில்லை. தமது கைகளே மரணத்தைக் கொண்டுசென்றன என்பதை ஒப்புக்கொள்ளுதல் வைத்தியர்களுக்கு எளிதாயிருக்கவில்லை. 1849இல் செமல்வைஸின் பதவி நீடிக்கப்படாது போயிற்று. 1865இல் மனநோய் விடுதியொன்றில் அவர் உயிர்நீத்தார். இவ்வரலாற்றிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. புத்தாக்கத்தை மறுத்தல் நடுநிலையான செயலன்று. உயிரைக் காக்கும் வழி கண்முன்னே நிற்கும்போது பழைய வழக்கத்திலே தொடர்பவரும் ஒரு தெரிவைச் செய்தவரே ஆவர். இது முதலாவது. அவ்வைத்தியசாலையின் செயற்றிறனைப் புள்ளிவிபரத்துக்கு முன்னரே மதிப்பிட்டிருந்தவர்கள் அதன் வாயிலில் நின்று அழுத பெண்களே என்பது இரண்டாவது. அவர்களுடைய அச்சம் அறிவாகக் கொள்ளப்படவில்லை. எண் அவர்களுக்குச் சாட்சியாக வந்தபோதே அவ்வச்சத்தின் நியாயம் வெளிப்பட்டது.

ஆகவே எண் வேண்டற்பாலதே. அது சாட்சியாக நிற்கும்வரை அதனாற் பயனுண்டு. அதனையே நீதிபதியாக்கும்போது என்ன நிகழும் என்பதைப் பிரித்தானியாவின் ஸ்ரஃபோட் வைத்தியசாலை காட்டிற்று. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோருள் 98 சதவீதத்தினர் நான்கு மணித்தியாலத்துக்குள் பார்க்கப்பட்டு, அனுமதிக்கப்படவோ வீட்டுக்கு அனுப்பப்படவோ வேண்டும் என்பது இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை விதித்த இலக்கு. நோயாளர் தள்ளுவண்டிகளில் நெடுநேரம் காத்துக்கிடந்த நிலையை மாற்றுவதற்கு எழுந்த நல்ல நோக்கமுடைய புத்தாக்கம் அது. பல இடங்களிற் காத்திருப்பு நேரம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் ஸ்ரஃபோட்டில் இலக்கும் சிக்கனமுமே நிருவாகத்தின் முழுக் கவனத்தையும் கவர்ந்துகொண்டன. தாதியர் தொகை குறைக்கப்பட்டது. மருத்துவப் பயிற்சியற்ற வரவேற்பு ஊழியர் அவசர நோயாளரை முதலில் மதிப்பிட்டனர். இந்நிலையிலேயே 2008இல் அந்நிறுவனத்துக்குத் தன்னாட்சி உயர்தகுதியும் வழங்கப்பட்டது. நோயாளரின் உறவினர் எழுப்பிய குரலும், எதிர்பார்க்கத்தக்கதிலும் மிகுந்திருந்த இறப்புகளும் விசாரணைகளுக்கு வழிவகுத்தன. 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளை முன்வைத்தது. நோயாளரின் துயரத்திலும் இலக்குகளையும் நிதிநிலையையுமே நிருவாகம் பெரிதாகக் கொண்டது என்பது அவ்வறிக்கையின் சாரமாகும்.

சார்ள்ஸ் குட்ஹாட் என்னும் பொருளியலாளர் 1975இல் நாணயக் கொள்கை தொடர்பாக வெளியிட்ட கருத்தொன்று இதனை விளக்க உதவும். ஓர் அளவையைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கும்போது அது நம்பத்தக்க அளவையாக இருக்குந் தன்மையை இழந்துவிடுகின்றது என்பது அதன் கருத்து. நான்கு மணித்தியாலம் என்பது நல்ல பராமரிப்பின் அறிகுறியாயிருந்தது. அறிகுறியே குறிக்கோளாயிற்று, பராமரிப்பு இல்லாமலும் அறிகுறியை உண்டாக்கலாம் என்பது பின்னர் தெரியவந்தது. காய்ச்சலைக் குறைக்காமல் வெப்பமானியை மாற்றிவைத்த செயலை இது ஒத்தது எனலாம்.

புத்தாக்கம் மேலிருந்து ஆணையாக இறங்கும்போது அதன் உயிர் எவ்வாறு கழன்றுபோகின்றது என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றினை அறிமுகஞ் செய்தது. அதில் அடங்கியவை 19 விடயங்களே. நோயாளியின் பெயர் சரியா, வெட்டவேண்டிய இடம் சரியா, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டதா, கருவிகளும் பஞ்சுத் துணிகளும் எண்ணப்பட்டனவா என்பன போன்று, எவரும் அறிந்த, எவரும் மறக்கக்கூடிய விடயங்கள் அவை. தன்சானியாவின் இபக்காரா தொடக்கம் இலண்டன்வரை எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இது பரீட்சிக்கப்பட்டபோது சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பாரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. செலவு ஒரு தாள் மாத்திரமே. பின்னர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இதனை எல்லா வைத்தியசாலைகளிலும் கட்டாயமாக்கிற்று. 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, இறப்பு வீதத்திற் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காணவில்லை. பட்டியல் ஒன்றே, விளைவு இரண்டு. இதற்குக் காரணம் பலவாகலாம். அறிமுகத்துக்குரிய பயிற்சி போதாமையும், கூடி உரையாடுவதற்கென எழுந்த பட்டியல் அடையாளமிட்டுக் கையொப்பமிடும் படிவமாகச் சுருங்கியமையும் அவற்றுட் சிலவாகச் சுட்டப்பட்டன. பட்டியலின் உண்மையான புதுமை அத்தாளில் இருக்கவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்திற் கனிட்ட தாதி ஒருவர் மூத்த சத்திரவைத்தியரை நோக்கி 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்வதற்கு அது வழங்கிய உரிமையே உண்மையான புதுமை. அவ்வுரிமையை ஆணையால் மாத்திரம் வழங்கமுடியாது.

இலங்கையில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில் யப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான 'ஐந்து எஸ்' முறை புகுத்தப்பட்டது. வேண்டாதனவற்றை அகற்றல், வேண்டியவற்றை உரிய இடத்தில் ஒழுங்குபடுத்தல், துப்புரவு செய்தல், அவ்வொழுங்கை நியமமாக்கல், அதனைப் பழக்கமாகப் பேணல் என்பன அம்முறையின் ஐந்து படிகள். கேட்போர்க்கு இவை ஒரு நல்ல இல்லத்தரசியின் அன்றாட வேலைகளாகவே தோன்றும். ஆயினும் அவசரத்தில் தேடிய மருந்துப் புட்டி தேடிய இடத்திற் கையிலகப்படுவதற்கும், அகப்படாமைக்கும் இடையே ஒரு தாயின் உயிர் நிற்கக்கூடும். பெருஞ்செலவின்றி, இருக்கும் ஊழியரைக்கொண்டே இம்மாற்றம் நிகழ்ந்தமையால் அவ்வைத்தியசாலை பிறநாட்டாரின் கவனத்தையும் ஈர்த்தது. இலங்கையின் அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2007 முதல் யப்பானிய உதவியுடன் ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலும் இம்முறை பரவலாயிற்று. தொழிற்சாலையிற் பிறந்த முறை வைத்தியசாலைக்குப் பொருந்தாது என்று முற்றாகக் கூறிவிடமுடியாது என்பதற்கு இது சான்று.

எனினும் இவ்வெற்றி எங்கிருந்து வந்தது என்பதை நோக்குதல் வேண்டும். 'ஐந்து எஸ்' முறையின் கருப்பொருள், வேலையைச் செய்பவரே வேலையைச் சீர்திருத்தும் உரிமையும் அறிவும் உடையவர் என்பதாகும். தரை துடைக்கும் சிற்றூழியரும் இடாப்பெழுதும் எழுதுவினைஞரும் அங்குப் புத்தாக்கத்தின் கருத்தாக்கள் ஆகின்றனர். இக்கருத்து நீங்கி வர்ணக் கோடுகளும் பெயர்ப்பலகைகளும் சான்றிதழ்களும் மாத்திரம் எஞ்சுமாயின், பார்வையிட வரும் அதிகாரிக்காக அலுமாரி அடுக்கப்படும். அவர் சென்றதும் அது பழைய நிலையை அடையும். ஒரு தாதி அறுபது நோயாளரைப் பார்க்கவேண்டிய விடுதியில் அலுமாரியின் ஒழுங்கு அந்த அறுபதைக் குறைத்துவிடாது. உழைப்பவரின் சுமையைக் காணாத புத்தாக்கம் அச்சுமையின் மேல் வைக்கப்படும் மற்றொரு சுமையே.

வறுமையே புத்தாக்கத்தின் தாயாக அமைந்த சந்தர்ப்பங்கள் வேறொரு வகையான அறவியற் கேள்வியை எழுப்புகின்றன. கொலம்பியாவின் தலைநகரான பொகோற்றாவில், ஏழைத் தாய்மார் பெருந்தொகையாகப் பிரசவிக்கும் வைத்தியசாலையொன்றில் 1978இல் எட்கார் ரேய் சனாப்ரியா என்னும் வைத்தியர் ஒரு முறையைத் தொடங்கினார். நிறை குறைந்து பிறந்த சிசுக்களை வைப்பதற்குப் போதிய வெப்பப் பெட்டிகள் அங்கு இருக்கவில்லை. ஒரு பெட்டியிற் பல சிசுக்கள் கிடந்தமையால் தொற்றுநோயும் பரவிற்று. சிசுவைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைத்து, அவள் உடற்சூட்டையே வெப்பமாகவும் தாய்ப்பாலையே உணவாகவும் கொள்ளும் முறை அது. கங்காருத் தாய்ப் பராமரிப்பு எனப் பின்னர் பெயர்பெற்றது.

இதற்கெதிராக எழத்தக்க ஆட்சேபம் வலிமையானது. செல்வரின் குழந்தைக்கு இயந்திரம், ஏழையின் குழந்தைக்குத் தாயின் மார்பு என்றால், அது சமத்துவமின்மைக்குச் சூட்டிய அழகிய பெயரன்றோ? புத்தாக்கம் என்ற சொல், அரசு செய்யத் தவறியதை மறைக்கும் திரையாகிவிடாதா? இவ்வாட்சேபத்துக்கு ஒரு விடை மருத்துவ ஆய்விலிருந்து கிடைத்தது. இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் உள்ள ஐந்து வைத்தியசாலைகளில் நிகழ்த்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையிற் பேணப்பட்ட சிசுக்களில் 12 சதவீதம் இறந்தன. உடல்நிலை சீராகும்வரை தாயிடமிருந்து பிரித்துவைக்கப்பட்டவற்றுள் 15.7 சதவீதம் இறந்தன. பற்றாக்குறையாற் பிறந்த முறை, பற்றாக்குறையற்ற இடத்திலும் விரும்பத்தக்கதெனக் காணப்பட்டது. ஆட்சேபத்தின் மற்றப் பாதி இன்னும் நிற்கின்றது. அவ்வைந்து வைத்தியசாலைகளிலும் தாய்மார் தங்குவதற்குக் கட்டிலும், சிசுவைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற தாதியரும், மூச்சுக்கு உதவும் கருவிகளும் இருந்தன. அவற்றை வழங்காமல், 'தாயின் மார்பே போதும்' என்று கூறும் அரசு பொகோற்றாவைப் பின்பற்றவில்லை. அதன் பெயரைப் பயன்படுத்துகின்றது. ஏழைக்கென ஆக்கப்பட்ட முறை நேர்மையானதா என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: வேறு வழியுள்ளவரும் அதனைத் தமது குழந்தைக்கு விரும்பி ஏற்பரா?

வைத்தியசாலையின் செயற்றிறன் அதன் மதில்களுக்குள்ளே மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து முன்வைத்த அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களிற் பல விலைக்கு இறக்குமதியாகும் நிலையை மாற்றித் தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, அவற்றைப் பொதுப்பெயரால் உலகளாவிய கேள்விப்பத்திர முறையிற் கொள்வனவு செய்தல் அதன் கொள்கை. பல்தேசிய மருந்துக் கம்பனிகள் இதனை எதிர்த்தன. பிபிலே 1977இல் கயானாவிற் காலமானார். அதே ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் படுக்கையருகே தோன்றாத இப்புத்தாக்கம், எந்தப் புதிய கருவியிலும் கூடுதலாக ஏழை நோயாளியைத் தொட்டது எனலாம். இதன் மறுபக்கத்தை 2022 காட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்துகள் வற்றின; அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை வைத்தியசாலைகள் பல ஒத்திவைத்தன. மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பப்பட்ட நோயாளியின் செலவு எந்த வைத்தியசாலைக் கணக்கிலும் ஏறவில்லை. நிறுவனத்தின் சுமையை நோயாளியின் மடிக்கு மாற்றுவதனாற் கணக்குச் சீர்ப்படலாம். அதனைச் செயற்றிறன் என்று அழைத்தல் மொழிக்கும் அறத்துக்கும் இழுக்கு.

இவ்வெடுத்துக்காட்டுகள் பழைய அறவியல் வாதமொன்றின் இரு பக்கங்களையும் நினைவூட்டுகின்றன. மிகப் பெருந்தொகையினரின் மிகப் பெரிய நன்மையே அறத்தின் அளவுகோல் என்பது பெந்தாமின் வழிவந்தோர் கொள்கை. அதன்படி சராசரி உயருமாயின் புத்தாக்கம் வெற்றியே. மனிதர் எவரையும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது, குறிக்கோளாகவே கொள்ளவேண்டும் என்பது காண்டின் நிலைப்பாடு. அதன்படி சராசரியை உயர்த்துவதற்காகப் புறந்தள்ளப்பட்ட ஒருவரே அவ்வுயர்வைக் குற்றமாக்கப் போதுமானவர். பொதுப்பணத்தில் இயங்கும் வைத்தியசாலை இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு நிற்கமுடியாது. பத்துப் பேருக்குரிய மருந்தை ஒருவருக்கே செலவிடலாமா என்ற வினாவைப் பெந்தாமின் வழியே அன்றி எதிர்கொள்ளல் அரிது. கட்டில் வேண்டி நிற்கும் முதியவரை, 'இவரால் எமது சராசரி குறையும்' என்று திருப்பியனுப்பலாமா என்ற வினாவுக்குக் காண்டின் விடை தவிர வேறு விடை இல்லை. யோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட தமது நீதிக் கோட்பாட்டில், ஏற்றத்தாழ்வுகள் மிகவும் பின்தங்கியவருக்கு நன்மை தரும்போதே நியாயமாகும் என வாதித்தார். வைத்தியசாலையை அவர் நேரடியாக ஆராயவில்லை. ஆயினும் அரசாங்க வைத்தியசாலையின் புத்தாக்கத்துக்கு இதனைப் பிரயோகித்தல் பொருத்தமானது. வரிசையின் கடைசியில் நிற்பவரின் நிலை அதனால் மேம்பட்டதா என்பதே கேட்கப்படவேண்டியது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் என்று கூறுவோருக்கு இந்நாட்டின் மகப்பேற்று வரலாறே மறுமொழி. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. பயிற்சிபெற்ற மருத்துவிச்சி குறிப்பிட்ட பிரதேசமொன்றின் கர்ப்பிணிகளை வீடுதேடிச் சென்று பதிந்து பராமரிக்கும் முறை அங்கிருந்து நாடெங்கும் விரிந்தது. 1930இல் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேலாயிருந்த தாய் இறப்பு, 1950 அளவில் ஏறத்தாழ 500 ஆயிற்று. இந்நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில் 40க்குங் கீழே இறங்கிவிட்டது. மலேரியாக் கட்டுப்பாடு, பெண்கல்வி, இலவச மருத்துவம், பிரசவத்துக்கு வைத்தியசாலையை நாடும் வழக்கம் எனக் காரணங்கள் பலவுண்டு. அவற்றுள் மருத்துவிச்சியின் நடை ஒன்று. 'வராதவர்' என்ற வகையை இல்லாதொழித்த புத்தாக்கம் அது. வராதவரிடம் அவளே போனாள். 1980களிலிருந்து தாய் இறப்பு ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டுத் தனித்தனியாக ஆராயப்படும் முறையும் வளர்ந்தது. நோய் அறிந்த நேரம் எது, வாகனம் கிடைத்த நேரம் எது, இரத்தம் வந்துசேர்ந்த நேரம் எது என ஒரு பெண்ணின் இறுதி மணித்தியாலங்கள் மீள நோக்கப்படுகின்றன. பெந்தாமின் எண்ணும் காண்டின் ஒருவரும் ஒரே மேசையிற் சந்திக்கும் இடம் இதுவே. நாட்டின் வீதம் கணக்கிடப்படுகின்றது; ஆயினும் அக்கணக்கில் எந்தப் பெண்ணும் வெறும் தசமமாகக் கரைந்துவிடுவதில்லை.

நோயாளியின் மொழி என்ற விடயமும் இதனோடு தொடர்புடையது. வியன்னாவில் கைகழுவும் முறை தோன்றிய அதே 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து பணியாற்றினார். 1860களில் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரவைத்தியம், மகப்பேறு முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார். அது அரசாங்க வைத்தியசாலையன்று. சமயப் பணியோடு இணைந்தது. ஆயினும் மருத்துவ அறிவு, நோயாளி பேசும் மொழியிற் பேசவேண்டும் என்ற அவரது முடிவு இன்றும் முற்றாக நிறைவேறாத புத்தாக்கமாகும். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலுள்ள சம்மதப் படிவத்திற் கையொப்பமிடும் நோயாளி, சட்டத்தின் கண்ணிற் சம்மதித்தவர். அறத்தின் கண்ணில் அவர் கேட்கப்படாதவர்.

வள்ளுவர் தமது மருந்து அதிகாரத்தில், நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நால்வகையையும் மருத்துவத்தின் கூறுகளாக எண்ணுகின்றார். நோயாளி அங்கு மருத்துவத்தின் பொருளாக அன்றி அதன் பங்காளியாக, அதுவும் முதலாவதாக, வைத்து எண்ணப்படுதல் கவனிக்கத்தக்கது. பேணுபவனும் வைத்தியனுக்குச் சமமான ஒரு கூறாகின்றான். இதுவரை நோக்கப்பட்டவற்றை இந்நான்கின் ஒளியில் மீளப் பார்க்கலாம். வியன்னா, நோயுற்றவளின் அறிவைக் கேளாமல் தவறிற்று. ஸ்ரஃபோட், பேணுவோரைக் குறைத்து வீழ்ந்தது. பிபிலேயின் கொள்கை மருந்தை நோயாளிக்கு எட்டும் இடத்தில் வைத்தது. சரிபார்ப்புப் பட்டியல் வைத்தியரையும் தாதியையும் ஒருவரையொருவர் கேட்கவைத்த இடத்திற் பயன்தந்தது; கேட்கவைக்காத இடத்திற் காகிதமாயிற்று.

எனவே அரசாங்க வைத்தியசாலையிற் புத்தாக்கம் வேண்டுமா என்பது விவாதத்துக்குரியதன்று. வளங்குறைந்த நாட்டில் அது கடமை. எப்புத்தாக்கம் என்பதே விவாதத்துக்குரியது. புதிய திட்டம் எதுவாயினும் அதனை முன்வைப்போரிடம் நான்கு கேள்விகள் கேட்கப்படுதல் நியாயமாகும். இத்திட்டத்தாற் குறைவதாகச் சொல்லப்படும் செலவு உண்மையிற் குறைகின்றதா, அன்றி நோயாளியின் மடிக்கு மாறுகின்றதா? நாள்தோறும் இதனைச் செய்யவேண்டிய தாதியும் சிற்றூழியரும் இதனை ஆக்குவதிற் பங்குகொண்டனரா? இதன் வெற்றியைக் காட்டும் எண்ணில், வராமல் நின்றவர் எங்கே பதியப்பட்டுள்ளார்? வேறு வைத்தியசாலைக்குப் போகக்கூடிய வசதியுள்ளவர் இதனைத் தமக்கும் ஏற்பாரா? இக்கேள்விகளுக்கு விடை கூறத்தக்க திட்டம் செலவிற் சிறிதாயினும் செயற்றிறனை உயர்த்தும். விடை கூறமுடியாத திட்டம், எத்துணை நவீனமாயினும், அறிக்கையை மட்டுமே அழகுசெய்யும்.

1971இல் 25 சதம் இல்லாமையால் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் தாமாகச் சுகமடைந்தனர், எத்தனை பேர் காலங்கடந்து வந்தனர் என்பதை அவ்வாண்டுகளின் இடாப்புகள் சொல்லமாட்டா. வைத்தியசாலையின் செயற்றிறனை அளக்க முற்படும் எவரும் அந்த வெறுமையான பக்கத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவராவர்.